பொடியீ இயல்: சூத்திரமும் உரையும்

தொட்டிமண் ஈரம் தொடரும் காலை
வட்டமிட் டெழூஉம் பொடியீ என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோவெனின், ஜன்னலோரத்து லில்லித் தொட்டியில் பொடி ஈ தோன்றும் காரணம் கூறுதல் நுதலிற்று. சூத்திரம் செய்தவனும் உரை வகுப்பவனும் ஒருவனே. வேறு யாரும் முன்வரவில்லை.

'தொட்டி' என்றது பத்து அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியை. அதில் நிற்பது, நர்சரிக்காரர் 'பீஸ் லில்லி' என்று சொல்லிக் கொடுத்த செடி. லில்லி என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையான லில்லி இனம் ஒன்று நீலகிரிச் சரிவுகளில் வெள்ளையாகப் பூக்கிறது. நம் தொட்டியில் இருப்பதோ சேம்புக்கும் சேனைக்கிழங்குக்கும் பங்காளி. மழை பெய்த கையோடு பூக்கும் மழை லில்லியை எடுத்தால், அது வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. லில்லி வளர்ப்போர் பலர் சமையலறைக் குடும்பத்தைத்தான் கூடத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

'பொடியீ' என்றதனால் பழ ஈயை விலக்கினோம். அது வாழைப்பழத்தைத் தேடிப் போவது. இது கறுத்து மெலிந்து, கொசுவுக்குத் தம்பிபோல் இருக்கும், கடிக்காது. பிராடிசியா என்பது நூலோர் பெயர். ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம். அதற்குள் பெண் ஈ 200 முட்டை வரை ஈர மண்ணில் இட்டுவிடும். கரிய தலையும் வெள்ளை உடலுமான புழு, மேல் இரண்டு அங்குல மண்ணில் பூஞ்சையைத் தின்னும். வேர் நுனியையும் விட்டுவைக்காது. தொல்காப்பியத்து மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர் என்று வைக்கிறது. ஈயையும் அந்த வரிசையில் சேர்த்தால் அதற்குச் செவியறிவு இல்லை. ஆகவே அம்மா அதைத் தினமும் வைவது பயனில் சொல்.

'வட்டமிட்டு' என்றதனால் நேரே பறக்கும் திறமில்லை என்பது பெற்றாம். வட்டத்தின் மையம் பெரும்பாலும் காபி டம்ளர்.

'தொடரும்' என்றது என்னை? ஈரம் தவறன்று, காயாத ஈரமே தவறு என்பதற்கு. பீஸ் லில்லி தாகம் எடுத்தால் இலையெல்லாம் தொங்கப்போட்டுத் துக்க வீடுபோல் நிற்கும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகினாலும் அதே கோலம்தான். பார்ப்பவர் முதல் காரணத்தையே நம்பிச் செம்பைத் தூக்குவார். எங்கள் வீட்டில் தூக்குவோர் மூவர். காலையில் நான். பத்து மணிக்கு அரிசி கழுவின தண்ணீரோடு அம்மா. மாலையில் வடிகட்டியில் மிஞ்சிய டீத்தூளோடு என் மனைவி. பூஞ்சைக்கு இதைவிட நல்ல மெஸ் கிடையாது.

இனிப் பரிகாரம். கொசு பேட்டின் கம்பி இடைவெளியில் இந்த ஈ நடைபயிற்சி போகிறது. மஞ்சள் நிறம் அதை ஈர்க்கும் என்பதால், மஞ்சள் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் விளக்கெண்ணெய் தடவி நட்டேன்; இரண்டு நாளில் 41 ஈ ஒட்டின. முகூர்த்தத்துக்கு யாரும் போகவில்லை. உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் வைத்துத் திருப்பினால் அடியில் 11 புழுக்கள். "ஏங்க, கிழங்கு ஒண்ணு குறையுதே?" என்ற கேள்விக்கு ஆய்வுப் பணி என்று விடையிறுத்தேன். பிடிஐ என்னும் பாக்டீரியா மருந்தும் உண்டு. 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், ஒரு குட்டையில் கண்டெடுத்தது. கொசுப் புழுவுக்கும் அதுவே எமன். பாலையில் பிறந்த மருந்தை ஓயாமல் நீர் பாயும் தொட்டிக்கு ஊற்றுவது திணைமயக்கம்.

இவை யாவற்றிலும் சிறந்தது விரல். இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு, ஈரம் படாவிட்டால் மட்டும் ஊற்றுக. தட்டில் தேங்குவதைக் கவிழ்த்துவிடுக.

'என்ப' என்றதனால் இது பிறர் கருத்து என்பது போதரும். பிறர் என்றது என் மனைவியை. முதல் ஈ பறந்த அன்றே, "தண்ணியக் குறைங்க" என்றாள். பெயர் சுட்டாமல் 'என்ப' என்று பொதுவில் ஓதியது, டீத்தூள் வழக்கு இன்னும் தீராமையின்.

பிறகு மூவரும் கூடிச் செம்பைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். ஒன்பதாம் நாள் மேல்மண் வெளுத்தது. ஈக்கள் நாலைந்தாகக் குறைந்தன. பத்தாம் நாள் இலைகள் லேசாகத் தொங்கின. பதினோராம் நாள் காலை தட்டில் தண்ணீர் நின்றது. யாரும் ஊற்றவில்லையாம். நானும் அப்படித்தான் சொன்னேன்.