எழும்பாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

மாப்ளே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. விடிகாலையில உன் வண்டி 'டிர்ர்ர்... டிர்ர்ர்...'னு இழுக்குதே, அது வண்டி சத்தமா, இல்ல நீ ஏதாச்சும் வேண்டுதல் வெச்சிகினு ஊரை எழுப்பறியா? நம்ம கோலார் தங்கவயல் பாலகாட் லைன்ல இப்ப எல்லாரும் உன் செல்ஃப் மோட்டார் சத்தத்துக்குத்தான் கண்ணு முழிக்கிறோம். மைன்ஸ் சங்கு நின்னு போச்சேன்னு கெழவனுங்க கவலைப்பட்டுகினு இருந்தோம். அந்தக் குறையை நீ தீர்த்துட்ட. நல்லா இரு.

எங்க காலத்துல இந்தத் தொல்லை இல்ல. சங்கு ஊதுச்சா, டிபன் கேரியரைத் தூக்கினோமா, நடந்தே போய் சுரங்கத்துல எறங்கற கேஜ்ல ஏறினோமா, முடிஞ்சுது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மைன்ஸை மூடினாங்க. அன்னிலேர்ந்து நம்ம பசங்க ஷிஃப்டு பெங்களூருக்குப் போயிடுச்சு. நூறு கிலோமீட்டர். இருட்டுல எழுந்து, வண்டியை எடுத்து, கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிக்கணும். உன் வண்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு ரயிலு காத்துகினு நிக்காது. அதனால சொல்றேன், கேட்டுக்கோ. கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன். எனக்கு வேற வேலை இல்ல.

ஹேண்டில்ல எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டி வெச்சிருக்கியே, ரொம்ப சந்தோஷம். கட்டினது அத்தைதான், தெரியும். அத்தை பேச்சை நானே மீறினதில்ல. ஆனா அந்தப் பழத்துலேர்ந்து பிளக்குக்குக் கரண்டு போவாது ராசா.

"குளிரு மாமா"ன்ற. சரி, நம்ம ஊரு சுமார் 850 மீட்டர் ஒசரத்துல கீது, மார்கழியில பல்லு அடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா லடாக்குல மிலிட்டரிக்காரன் ஓட்டறது மட்டும் வேற சாமி செஞ்ச வண்டியா? குளிரு மூணு வேலை பண்ணும். பெட்ரோல் தண்ணியா இருந்தா எரியாது, ஆவியானாத்தான் எரியும். குளிருல அது ஆவியாவ சுணங்கும். இஞ்சின் ஆயில் கெட்டிப்படும். பேட்டரி வீரியம் கொறையும். நல்ல வண்டி இந்த மூணையும் தாங்கிகினு ரெண்டு இருமல் இருமிட்டுக் கெளம்பிடும். ஏற்கனவே சீக்காளி வண்டிதான் படுத்துக்கும். பத்து மணி வெயில்ல ஒரே அடியில ஸ்டார்ட் ஆவுதுன்னு பெருமை பேசறியே, நோய் தீந்து போச்சுன்னு அர்த்தமில்ல. ஒளிஞ்சிகினு கீது.

இஞ்சினுக்கு வேண்டியது நாலே நாலு. பெட்ரோல், காத்து, நெருப்புப் பொறி, கம்ப்ரெஷன். நாலுல ஒண்ணு வரலன்னா எழும்பாது. எது வரலன்னு பார்க்கறதுக்குத்தான் மூளை. நீ மொதல்ல கட்டை விரலை உபயோகிக்கிற. செல்ஃப் பட்டனை அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்காதே, விட்டுட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அமுக்குன்னு கம்பெனிக்காரன் புக்குலயே போட்டிருக்கான். அந்த புக்கு எங்கன்னு கேக்க மாட்டேன். சீட்டுக்கு அடியில கவர் பிரிக்காம இருக்கும்.

சரி, காசு செலவில்லாத வைத்தியத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். சாவியைப் போட்டதும் வலது கைப்பக்கம் இஞ்சினை நிறுத்தற சிவப்பு சுவிட்சைப் பாரு. உன் புள்ள நேத்து சாயந்தரம் வண்டி மேல ஏறி ராஜா மாதிரி ஒக்காந்துகினு அதை அமுக்கி விளையாடினான். நான் திண்ணையிலேர்ந்து பார்த்தேன். ஏன் சொல்லலன்னு கேக்காதே, நீ கேக்கல. அப்புறம் பெட்ரோல் காக்கு திறந்திருக்கா, டேங்குல பெட்ரோல் இருக்கான்னு பாரு. சிரிக்காதே. பெட்ரோல் இல்லாத வண்டியை அரை மணி உதைச்ச பெரிய மனுஷங்க இந்த லைன்ல கீறாங்க. பேரு சொன்னா சண்டை வரும்.

அடுத்தது சோக்கு. பழைய கார்ப்ரேட்டர் வண்டின்னா சோக்கை முழுசா இழு, ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, ஒரு உதை. காத்தைக் கொறைச்சுப் பெட்ரோலைக் கூட்டறதுதான் சோக்கு வேலை. நீ ஒரு கையில ஆக்ஸிலேட்டரை முறுக்கினா அந்தப் பக்கம் காத்து தொறந்துக்கும். இவன் மூடறான், அவன் தொறக்கறான், நடுவுல இஞ்சின் இன்னா பண்ணும்? எழுந்ததும் ஒரு நிமிஷத்துல சோக்கைத் தள்ளிடு. ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் சோக்கோட போய்ட்டு 'மைலேஜ் இல்ல, கரும்புகை வருது'ன்னு வண்டியைத் திட்டாதே.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டிங்கள்ல பெரும்பாலும் கார்ப்ரேட்டரும் இல்ல, சோக்கும் இல்ல. இஞ்செக்ஷன். சாவியைத் திருப்பினா சீட்டுப் பக்கம் 'ஊய்ங்'னு ஒரு சத்தம் வருமே, அது பெட்ரோல் பம்பு. அது அழுத்தம் ஏத்தி முடிக்கட்டும், அப்புறம் பட்டனைத் தொடு. ரெண்டு செகண்டு விஷயம். ராத்திரி போன்ல ரெண்டு மணி நேரம் பொறுமையா படம் பார்க்கிறவனுக்கு இந்த ரெண்டு செகண்டு பொறுமை இல்ல. அந்த 'ஊய்ங்' சத்தமே வரலன்னா ஃபியூஸ், பேட்டரி, பம்பு, இந்த மூணுல ஒண்ணு.

இப்ப பேட்டரி. ஹாரனை அடி. 'பாம்'னு கத்தினா சரி. 'ம்ம்ம்'னு முனகினா பேட்டரி எறங்கிடுச்சு. செல்ஃப் அமுக்கறப்ப ஹெட்லைட்டு மங்கி அணையுதுன்னா அதே கதை. மீட்டர் வெச்சு அளந்தா நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பட்டனை அமுக்கறப்ப ஒன்பதரைக்குக் கீழ விழுந்தா, அதுக்கு மாலை போட்டுட்டு வேற வாங்கு. ஆனா அவசரப்படாதே. மொதல்ல டெர்மினலைப் பாரு. பச்சையா வெள்ளையா பூத்துகினு கீதே, அதைச் சுரண்டித் தள்ளி, வெந்நீர் விட்டுத் தொடைச்சு, ஸ்குரூவை இறுக்கி, கொஞ்சம் வாசலைன் தடவு. 1902-ல சிவசமுத்திரம் அருவியிலேர்ந்து தொண்ணூறு மைலுக்கு மேல கம்பி இழுத்து நம்ம மைன்ஸுக்குக் கரண்டு கொண்டு வந்தாங்க. காடு மேடு தாண்டி வந்துது. உன் சீட்டுக்கு அடியிலேர்ந்து ரெண்டு அடி தூரம் இஞ்சினுக்குக் கரண்டு போவ மாட்டேங்குது; அதுக்கு நீ குளிரைக் குத்தம் சொல்ற.

பேட்டரி கொஞ்சமாச்சும் உயிரோட இருந்தா, ரெண்டாவது கியர் போட்டு, கிளட்சைப் பிடிச்சிகினு, சரிவுல தள்ளி, வேகம் எடுத்ததும் கிளட்சை விடலாம். ஸ்கூட்டரை அப்படித் தள்ளாதே. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளினா ஸ்டேஷன் வரைக்கும் தள்ளிகினே போவ வேண்டியதுதான். இஞ்செக்ஷன் வண்டியில பேட்டரி அறவே செத்திருந்தா தள்ளியும் பிரயோசனமில்ல, பம்புக்குக் கரண்டு வேணுமே.

அதுக்கும் எழும்பலன்னா பிளக்கைக் கழட்டு. கைல வெச்சு வெளிச்சத்துல பாரு; ஜாதகம் அதுலதான் எழுதியிருக்கு. முனை இளம் பழுப்பா இருந்தா வண்டி நலம். கரி படிஞ்சு வறண்டு இருந்தா பெட்ரோல் அதிகம், இல்லன்னா காத்து கம்மி. வெளுத்து இருந்தா காத்து அதிகம், சூடு அதிகம். எண்ணெய்ப் பசையா இருந்தா ஆயில் மேல ஏறுது, பர்ஸை ரெடி பண்ணு. பெட்ரோல் வாசனையோட நனைஞ்சிருந்தா நீ உதைச்ச உதையில உள்ள வெள்ளம். அப்ப பிளக்கைத் தொடைச்சுப் போட்டு, சோக்கைத் தள்ளிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா தொறந்து வெச்சு நாலு உதை உதை, வெள்ளம் வடியும். எத்தனை உதைச்சாலும் பிளக்கு வறண்டே கீதுன்னா பெட்ரோலே வந்து சேரல. பொறி பார்க்கணும்னா பிளக்கை கேப்புல மாட்டி இஞ்சின் மேல இரும்புல படற மாதிரி வெச்சு உதைச்சுப் பாரு. பிளக்கு ஓட்டைக்குப் பக்கத்துல வேணாம், பீடி வாயில இருந்தா சுத்தமா வேணாம். மீசை எனக்கு அழகா கீதுன்னு அத்தை சொல்லுவா, அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

காத்துக்கு வா. நம்ம ஊருல மத்த ஊருக்காரனுக்கு இல்லாத ஒரு சொத்து கீது: சயனைடு மேடு. பதிமூணு மேடு, சுமார் 3.3 கோடி டன் மண்ணு. தங்கத்தை எடுத்துகினு போனவங்க தூசியை நமக்கு விட்டுட்டுப் போனாங்க. காத்தடிக்கிற மாசத்துல அந்தத் தூசி சோத்துத் தட்டு வரைக்கும் வருதே, உன் ஏர் ஃபில்டருக்கு மட்டும் வராதா? புக்குல போட்டிருக்கிற கிலோமீட்டரு சுத்தமான ஊருக்காரனுக்கு. நீ அதுக்கு முன்னாலயே தொறந்து பாரு. ஸ்பாஞ்சு ஃபில்டர்னா அலசிக் காய வெச்சு, லேசா ஆயில் விட்டுப் பிழிஞ்சு மாட்டு. பேப்பர் ஃபில்டரை அலசாதே, மாத்து. போன தடவை நீ அதைத் துணி சோப்பு போட்டுத் தொவைச்சுக் கொடியில காயப் போட்டிருந்த. கிளிப்பு வேற போட்டிருந்த. பார்த்தேன்.

பெட்ரோலுக்கும் இப்ப ஒரு கூத்து வந்திருக்கு. பங்குல ஊத்தற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது தண்ணியைக் கண்டா இழுத்துக்கும். ஐப்பசி மழையில டேங்கு மூடி ரப்பர் வெடிச்சிருந்தா தண்ணி உள்ள எறங்கும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கிடும். பெட்ரோல் போற வழியும் அடியிலதான். அப்ப இஞ்சினுக்கு மொதல் பந்தியில சரக்கும் தண்ணியும் பரிமாறினா அது எப்படி ஸ்டேஷனுக்கு வரும்? மாசக்கணக்கா நின்ன கார்ப்ரேட்டர் வண்டின்னா, கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு சின்ன ஸ்குரூ கீது. அதை லூஸ் பண்ணி, பழசை ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல பிடிச்சுப் பாரு. அடியில முட்டை முட்டையா தனியா உருண்டா தண்ணி. கிளாஸைத் திரும்ப அடுப்பங்கரையில வெக்காதே, அத்தைக்கு நான் பதில் சொல்ல முடியாது.

இவ்வளவும் சரி, கிக்கரை அமுக்கினா எதிர்ப்பே இல்லாம சொத்துன்னு எறங்குதுன்னா கம்ப்ரெஷன் போச்சு. வால்வு கேப் இறுகி, வால்வு முழுசா மூடாம இருந்தாலும் காலையில மட்டும் மக்கர் பண்ணும். அது ஃபீலர் கேஜ் வெச்சு செட் பண்ற வேலை, மெக்கானிக் கிட்ட விட்டுடு. அங்க போய் 'ஸ்டார்ட் ஆவல'ன்னு மட்டும் சொல்லாதே. அப்படிச் சொன்னா அவன் கண்ணுக்கு உன் பர்ஸு மட்டும்தான் தெரியும். செல்ஃப் சுத்துதா இல்லியா, காலையில மட்டுமா சூட்டுலயுமா, பிளக்கு நனைஞ்சிருந்துதா வறண்டிருந்துதா, என்ன கலர் புகை, இந்த நாலையும் சொல்லு. வெவரம் தெரிஞ்சவன் வந்துட்டான்னு பில்லு பாதியாயிடும்.

எங்க காலத்து வண்டிங்க இன்னும் ஒரு படி மேல. மைசூர்ல ஐடியல் ஜாவா செஞ்ச யெஸ்டியில கியர் லீவரையே மேல திருப்பினா அதுதான் கிக்கர். பழைய புல்லட்டுல ஆம்ப்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டிகம்ப்ரெஷரை இழுத்து, மெதுவா தாண்ட விட்டு, அப்புறம்தான் உதைக்கணும். மரியாதை கொடுக்காதவனுக்கு அது திருப்பி உதைக்கும். பஜாஜ் சேதக்கை ஒரு பக்கமா சாய்ச்சுப் பெட்ரோலை எறக்கி எழுப்பினவன்தான் அன்னிக்குக் குடும்பஸ்தன். நாங்க வண்டியோட குணம் தெரிஞ்சு ஓட்டினோம். நீங்க பட்டனை நம்பி ஓட்டறீங்க.

மைன்ஸ்ல ஒரு வழக்கம் உண்டு. ஆளுங்களை எறக்கறதுக்கு முன்னால காலி கேஜை ஒரு தரம் கீழ விட்டு மேல ஏத்திப் பார்ப்பாங்க. சாம்பியன் சுரங்கத்துல மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம்; அங்க போய் நின்னுகினு 'நேத்து நல்லாத்தானே ஓடுச்சு'ன்னு சொல்ல முடியாது. உனக்கு அவ்வளவு ஆபத்து இல்ல, ரயிலு போவும், அரை நாள் சம்பளம் போவும், அவ்ளோதான். ஆனா பாடம் ஒண்ணுதான். காலையில எழும்பாத வண்டி காலையில கெட்டதில்ல. நேத்து நீ பார்க்காம விட்டது. ராத்திரி சோறு தின்னுட்டுப் போனை எடுக்கறதுக்கு முன்னால சுவிட்சு, பெட்ரோல், ஹாரன், இந்த மூணைப் பாரு. மேல ஒரு தார்ப்பாய் போடு. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பிளக்கு, டெர்மினல், ஃபில்டர். அதுக்கப்புறம் எலுமிச்சம்பழத்தைக் கழட்டி ஊறுகாய் போடச் சொல்லு.

இன்னொண்ணு. பிளக்கு கழட்டணும்னா பிளக் ஸ்பேனர் வேணும். அது போன தீபாவளிக்கு நீ என் கிட்ட வாங்கினு போனது. நாளைக்கு ரயிலுக்குப் போறதுக்கு முன்னால அதைத் திண்ணையில வெச்சுட்டுப் போ.