தூங்கியது இளவரசி மட்டும்

குவாஷ் என்கிற வண்ணத்துக்கு வம்சப் பெருமை உண்டு. 1502-இல் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த முயல் இன்றும் வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்துச் சொத்து. உயிரோடு உட்கார்ந்திருந்த முயலா, சமையலறைக்குப் போகும் வழியில் மாட்டிய முயலா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். அதன் ரோமம் இழை இழையாகத் தெரிவதற்குக் காரணம், மெல்லிய நீர்வண்ணத்தின் மேல் டியூரர் இழுத்த கெட்டி வண்ணம். அதுதான் நம் கதாநாயகன்.

நீர்வண்ணத்தில் இருக்கும் அதே வேலம்பிசின்தான் இதிலும். நிறத்தூள் மட்டும் தாராளம். சில கம்பெனிகள் சுண்ணத்தூளையும் சேர்த்துவிடும். அதனால் அடியில் இருப்பதை மறைத்துவிடும். மறைக்கிறது என்பதாலேயே பிழைப்புக்கு வரைகிறவர்களுக்கு அதைப் பிடித்தது. அதே காரணத்தால் ஆசாரக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை.

ஆசாரக்காரர்களின் மடம் லண்டனில் இருந்தது. 1804-இல் தொடங்கிய நீர்வண்ண ஓவியர் சங்கம். வெள்ளை வேண்டுமா, காகிதத்தை அப்படியே விட்டுவிடு. வெள்ளையைக் குழைத்து மேலே பூசுவது ஏமாற்று வேலை என்று முணுமுணுத்த பெரியவர்கள் அங்கே நிறைய. 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி துத்தநாகத்தில் ஒரு வெள்ளை தயாரித்து ‘சைனீஸ் ஒயிட்’ என்று விற்றது. லண்டன் சரக்கு, சீனப் பெயர். மடத்தில் வைதுகொண்டே வாங்கினார்கள்.

இந்த வெள்ளையைக் கூச்சமே இல்லாமல் பூசியவர் ஜான் ஃபிரடெரிக் லூயிஸ். மனிதர் கெய்ரோவுக்குப் போய்ப் பத்து வருஷம் துருக்கி உடையில் துரையாக உட்கார்ந்துவிட்டார். 1844-இல் பார்க்கப் போன நாவலாசிரியர் தாக்கரே அந்தக் கோலத்தைக் கிண்டலடித்து எழுதிவைத்தார். 1850-இல் லூயிஸின் அந்தப்புர ஓவியம் லண்டனுக்கு வந்தது. பட்டும் பலகணியும் பூனைக்கண் நுணுக்கமுமாக, மேலே கெட்டி வண்ணம் மினுமினுக்க, ஊரே வாயைப் பிளந்தது. 1855-இல் அவரையே சங்கத் தலைவராக்கினார்கள். 1858-இல் அவர் ராஜினாமா செய்தார். கொள்கைக்காக அல்ல. அதே உழைப்புக்கு எண்ணெய் ஓவியத்தில் கூடுதல் காசு. மடாதிபதியே சுவரேறிக் குதித்தால் சிஷ்யர்களை என்ன சொல்வது?

குவாஷுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது அடுத்த நூற்றாண்டில், வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில். காய்ந்தால் பளபளக்காது, காமிரா விளக்கில் கண்ணைக் கூசாது, சீக்கிரம் உலரும், முதலாளி முகம் சுளித்தால் மேலேயே வேறு நிறம் அடிக்கலாம். ஒரே ஒரு துர்க்குணம்: ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம். வெளிர் நிறங்கள் கறுக்கும், கரும் நிறங்கள் வெளுக்கும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் ஒரு வருஷம் கழித்த மாப்பிள்ளையும் போல.

அங்கே மேரி பிளேர் என்று ஓர் ஓவியர். 1941-இல் வேலையை விட்டுவிட்டார். அந்த வருஷம் ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம். வாசலில் கோஷம் கேட்கும்போது முதலாளி தென் அமெரிக்காவுக்கு நல்லெண்ணப் பயணம் கிளம்பினார். பிளேரின் கணவர் லீ அந்தக் குழுவில் இருந்தார். தானும் வருகிறேன் என்று பிளேர் மறுபடி சேர்ந்துகொண்டார். போன இடத்தின் வெயில் அவர் தூரிகையில் ஏறியது. திரும்பி வந்து ‘சிண்ட்ரெல்லா’, ‘ஆலிஸ்’, ‘பீட்டர் பான்’ படங்களுக்கு அவர் தீட்டிய குவாஷ் மாதிரிகள் தட்டையாக, துணிச்சலாக, கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கும். வால்டுக்கு உயிர். ஆனால் படம் திரைக்கு வரும்போது அனிமேட்டர்கள் எல்லாவற்றையும் உருண்டையாக்கிவிடுவார்கள். 1953-இல் அவர் மறுபடி விலகினார்.

நல்ல சித்திரத்தைக் கொடுத்தால் கொழுக்கட்டையாக்கித் தருகிறார்களே என்று வால்டுக்குப் பொறுக்கவில்லை. ‘தூங்கும் அழகி’ படத்துக்கு ஈவிண்ட் ஏர்ல் என்பவரைப் பிடித்து, முழு அதிகாரத்தையும் கையில் கொடுத்தார். ஆளைப் பற்றி முன்கூட்டி விசாரித்திருக்கலாம். பத்து வயதில் ஏர்லிடம் அப்பா சொன்னாராம்: தினம் ஐம்பது பக்கம் படி, அல்லது ஒரு படம் வரை. பையன் இரண்டையும் செய்தான். 21 வயதில் ஹாலிவுட்டிலிருந்து நியூயார்க்குக்கு சைக்கிள் மிதித்தார். வழிச்செலவுக்கு 42 நீர்வண்ணப் படங்கள். இப்படிப்பட்டவரிடம் போய் ‘சீக்கிரம் முடிங்க சார்’ என்று எந்த மேனேஜர் சொல்வது?

ஒரு பின்னணிக்கு மற்றவர்களுக்கு ஒரு நாள் போதும். ஏர்லுக்கு ஏழிலிருந்து பத்து நாள். பாசியின் ஒவ்வொரு பொட்டும், பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் வந்தாக வேண்டும். மரங்களுக்கு மூலைமட்டம் வைத்து முடிவெட்டியிருந்தார். இந்தக் கானகத்துக்கு முன்னால் எங்கள் கதாபாத்திரம் யார் கண்ணுக்குத் தெரியும் என்று அனிமேட்டர்கள் குமுறினார்கள். ‘ஒன்பது கிழவர்கள்’ என்று வால்ட் செல்லமாக அழைத்த மூத்தவர்கள்கூட ஏர்லின் கோட்டுக்கு ஏற்பத் தங்கள் உருவங்களை நிமிர்த்த வேண்டியதாயிற்று. பஞ்சாயத்துக்கு வர வேண்டிய வால்டோ டிஸ்னிலேண்ட் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே தூங்கும் அழகியின் கோட்டை 1955-இல் திறந்துவிட்டது. படம் வந்தது 1959-இல். கிரகப்பிரவேசம் முடிந்து நாலு வருஷம் கழித்துத்தான் வீட்டுக்காரி விழித்தாள். அவள் படத்தில் தலைகாட்டுவதும் சுமார் 18 நிமிடம்தான்.

செலவு 60 லட்சம் டாலர். முதல் வெளியீட்டில் கையைக் கடித்தது. ஸ்டுடியோவில் நிறைய பேருக்கு வேலை போனது. ஏர்ல் அதற்கு முந்தைய வருஷமே விலகியிருந்தார். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: நான் ஏர்ல் பக்கம். இன்று அந்தப் படத்தில் யார் யாரை முத்தமிட்டார்கள் என்பதை மறந்தவர்களுக்கும் அந்தக் காடு ஞாபகம் இருக்கிறது. பிளேருக்கும் நியாயம் கிடைத்தது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுச் சவாரியை அவர் கைவண்ணத்தில் கட்டினார்கள். இந்த முறை உருண்டையாக்க ஆள் இல்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது; குவாஷுக்குக் கருமாதி என்றார்கள். ஜப்பானில் கஸுவோ ஓகாவுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை போலும். 1988-இல் ‘டோட்டோரோ’ படத்துக்கு வயல்வரப்பையும் களைச்செடியையும் அவர் தீட்டியது போஸ்டர் கலரில். ஆமாம், நம் பள்ளிக்கூடத்து கேமல் புட்டிகளின் ஜாதி. குவாஷின் ஏழைப் பங்காளி. அமெரிக்காவில் ‘டைனோடோபியா’ புகழ் ஜேம்ஸ் கர்னி கார் நிறுத்துமிடத்திலும் உணவகத்து மேஜையிலும் உட்கார்ந்து குவாஷில் வரைகிறார். ட்ரீம்வொர்க்ஸ் படங்களுக்கு உழைத்த நேதன் ஃபௌக்ஸும் மைக் ஹெர்னாண்டஸும் வெளியே வந்து கையகலக் காகிதத்தில் வெயிலைப் பிடிக்கிறார்கள். ‘அன்டூ’ பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள், ஈரத்தில் ஒன்று காய்ந்தால் ஒன்று காட்டும் வண்ணத்தோடு எதற்கு மல்லுக்கட்டுகிறார்கள்? காசுக்காக இல்லை என்று லூயிஸிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

நீங்களும் கடைக்குக் கிளம்புவதாக இருந்தால் ஒரு வார்த்தை. முப்பது நிறப் பெட்டி வேண்டாம். நாலைந்து டியூப் போதும். வெள்ளையை மட்டும் பெரிதாக வாங்குங்கள். முதலில் தீர்வது அதுதான்.