நடைப்பயிற்சியாளர் மெய்க்கீர்த்தி: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

உடற்பயிற்சிக்கான பாட்டைச் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லிச் செய்து வாங்குவோரின் தொப்பை ஏன் கரையவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். குறை பாட்டிலா, ஆளிலா என்பது இதுகாறும் துணியப்படவில்லை. ஆய்வுக்களம்: காலை ஆறு மணிப் பூங்கா. துணைக்களம்: அதன் வாசல் டீக்கடை.

முன்னோர் கண்டவை

பாட்டு உடம்பை விரட்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. நியூயார்க்கின் ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில் பேண்டு வாசிக்கும்போது வீரர்கள் வேகமாக மிதித்ததை 1911இல் லெனார்டு அயர்ஸ் எழுதிவைத்தார். 1998இல் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி, ‘ஸ்கேட்மேன்’ பாட்டு ஒலிக்க ஓடி, உள்ளரங்க 2,000 மீட்டரில் உலகச் சாதனை படைத்தார். நம்மவர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் பெண்கள் உலக்கை போட்டபடியே வள்ளைப்பாட்டில் மூவேந்தரைப் புகழ்கிறார்கள். வியர்வை பாடியவருக்கு, புகழ் அரசருக்கு.

களக் குறிப்பு

சுனோ போன்ற செயலியில், ‘130 பீட், குத்துப்பாட்டு, தவில் வேண்டும், என் பெயர் வர வேண்டும்’ என்று தட்டினால் டீ ஆறுவதற்குள் இரண்டு பாட்டு வந்துவிடும். குரங்குக் குல்லா அணிந்த, பணி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவருக்கு அப்படி வந்ததில், அவர் புயலாக வருகிறார், பூங்கா அதிர்கிறது, தொப்பை தோற்றோடுகிறது. இயந்திரம் ‘தொப்பை’யைத் ‘தோப்பை’ என நீட்டியதே தவிரத் தாளம் பிசகவில்லை. பாதிச் சுற்றில் மூச்சு வாங்கவே, புயல் பெஞ்சில் அமர்ந்து 130ஐ 90 ஆக்கியது. பிறகு பேரன் பெயரையும் சேர்க்கச் சொன்னது.

அற்றேல், மன்னர்களின் மெய்க்கீர்த்தியிலும் மிகை உண்டே எனின், உண்டு. ஆயின் அவர்கள் போருக்குப் போய்வந்த பிறகுதான் கல்லில் வெட்டினார்கள். இங்கே கல்வெட்டு முடிந்துவிட்டது. போர் நிலுவையில் இருக்கிறது.

முடிபு

ஆகவே பாட்டின்மேல் குற்றமில்லை. பாட்டின் கடிவாளம் கைமாறியதே குற்றம். பந்தய வீரர் எவரும் பேண்டு மாஸ்டரிடம் ‘கொஞ்சம் மெதுவாக’ என்று கேட்டிருக்க முடியாது. ஓர் உரலில் இருவர் மாற்றி மாற்றிக் குத்தும்போது, ஒருத்தி தளர்ந்தால் உலக்கையோடு உலக்கை மோதும். ஜிம்மிலும் மாஸ்டர் போட்டதுதான் பாட்டு. செயலியோ எதிர் உலக்கை இல்லாத உரல். கேட்ட வேகத்தைக் கொடுக்கும், முகம் சுளிக்காது.

பரிந்துரை

புகழுரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். பீட் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் உரிமையை மட்டும் வரப்புத் தகராறுள்ள பங்காளி ஒருவரிடம் ஒப்படைத்தல் நலம். அவர் கூசாமல் 180 போடுவார். அந்த எண்ணில் டீக்கடைப் பக்கம் ஒதுங்க இயலாது.