மாப்ள, பாக்குவெட்டியை வீட்டுல வச்சுட்டுப் போ

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாச்சாம்ல மாப்ள? திருச்சியில ஏறி சாங்கியில இறங்கி, பிள்ளைகளுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் காட்டிட்டு வர்றதாக் கேள்வி. ரொம்பச் சந்தோசம். நீ பெரிய படிப்புப் படிச்சவன், உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனா உங்கூட வர்றது எங்கக்காவும் மச்சானும். அதனால அவங்களுக்குத்தான் சொல்றேன். நீ சும்மா பக்கத்துல உக்காந்து காதுல வாங்கிக்க.

முதல்ல மச்சானோட இடுப்பு. கல்யாணத்தன்னிக்குக் கட்டின வெள்ளி அரைஞாண் கொடி இன்னும் அங்கேயேதான் கெடக்கு. செக்யூரிட்டியில கதவில்லாத நிலைப்படி மாதிரி ஒரு சட்டம் நிக்கும். மச்சான் உள்ள நுழைஞ்சதும் அது கத்தும். "இரும்புக்குத்தானே கத்தணும், வெள்ளிக்கு ஏன் கத்துது?"னு அவரு அங்கேயே பஞ்சாயத்து வைப்பாரு. காந்தம் இல்ல மச்சான் அது. அதுக்குள்ள மின்காந்தப் புலம் ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். கரண்டு பாயுற எந்த உலோகம் ஊடால வந்தாலும் அதுல சுழல் மின்னோட்டம் கிளம்பும், எந்திரம் அதைக் கண்டுபிடிச்சிடும். பவுன் சங்கிலியும் துருப்பிடிச்ச ஆணியும் அதுக்கு ஒண்ணுதான். ஊருக்குள்ள நாம தேடிக்கிட்டிருக்கிற சமத்துவம் அந்தச் சட்டத்துக்குள்ளதான் இருக்கு.

அக்கா கதை தனி. தாலிக்கொடியில எத்தனை ஊக்குத் தொங்குதுன்னு என்னைக்காச்சும் எண்ணிப் பாத்திருக்கியா? பெரிசு, சிறிசு, கறுத்தது, வளைஞ்சது. கேட்டா, "ஆத்திர அவசரத்துக்கு ஆகும்டா"ங்கும். அந்த அவசரம் இதுவரைக்கும் வந்ததில்ல, ஊக்கு மட்டும் பெருகிக்கிட்டே போகுது. தாலியைக் கழட்டச் சொல்லிடுவாங்களோன்னு அதுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். சொல்ல மாட்டாங்கன்னு சொல்லிடு. பொம்பளைகளுக்குத் திரை போட்ட மறைப்பு இருக்கு, உள்ள பொம்பளைக் காவலர்தான் நிப்பாங்க. கையில இருக்கிற கருவியால தடவிப் பாத்துட்டு அனுப்பிடுவாங்க. ஊக்கை மட்டும் அவுத்து மஞ்சப்பையில போட்டுட்டு வந்தா ரெண்டு நிமிசம் மிச்சம்.

இப்ப உன் பைக்கு வருவோம். நீ பெரிய கெட்டிக்காரனாச்சே, வரிசையில நிக்கிற வரைக்கும் போனைப் பாத்துக்கிட்டிரு. உன் முறை வந்ததும் பெல்ட்டைக் கழட்ட ஆரம்பி. லேப்டாப்பைத் துணிக்கு அடியில புதைச்சு வை, அப்பத்தான் அதை எடுக்கறப்ப உள்ள இருக்கிற பனியன் எல்லாம் தட்டுல பரவும். பின்னால நிக்கிற நூறு பேருக்கும் பொழுது போகணும்ல?

அந்தப் பை எக்ஸ்ரேக்குள்ள போகையில திரையில என்ன தெரியும் தெரியுமா? வெறும் கலர்தான். உலோகம்னா நீலம். சோறு, சீலை, சோப்பு, பழம் மாதிரி உயிர்ப்பொருள் சமாச்சாரம் எல்லாம் ஆரஞ்சு. ரெண்டும் கலந்தாப்புல இருந்தா பச்சை. கேடு என்னன்னா, வெடிமருந்தும் ஆரஞ்சுதான். அதனால மருமக கட்டிக் குடுக்கிற மைசூர்பாகு டப்பா, கெட்டியா, சதுரமா, ஆரஞ்சா திரையில உக்காந்திருந்தா, அதைப் பாக்கிறவனுக்கு வாயில எச்சில் ஊறாது, வேர்த்துத்தான் ஊத்தும். பையைத் திறக்கச் சொல்லத்தான் செய்வான். திறந்து காட்டு. "எங்க வீட்டுப் பலகாரத்தையா சந்தேகப்படுறே"ன்னு ரோசப்படாதே. அது பல்லுல படுற வரைக்கும் நானே சந்தேகப்பட்டிருக்கேன்.

மச்சானோட வெத்தலைப் பையில ஒரு பாக்குவெட்டி இருக்கும். அதை மட்டும் கைப்பையில வச்சிட்டீங்கன்னா முடிஞ்சுது கதை. எங்க ஐயா காலத்துப் பித்தளைப் பிடி, வாயில இன்னும் கருக்குப் போகலை. குப்பைத் தொட்டியில போடச் சொன்னா மச்சான் அங்கேயே உக்காந்து ஒப்பாரி வைப்பாரு. வீட்டுல வச்சுட்டுப் போகச் சொல்லு. அதோட சீட்டுப் புகையிலையையும். சிங்கப்பூர்ல மெல்லுற புகையிலை கொண்டுவரவே கூடாது. சூயிங் கம் 1992லேர்ந்து தடை. கசகசாவும் கூடாது மாப்ள, குருமாவுக்கு அரைக்கிற கசகசாதான்! கசகசாச் செடியும் அபினிச் செடியும் ஒண்ணுங்கிறதால போதைத் தடுப்புக்காரங்க கண்ணுல அது பலசரக்கு இல்ல. அங்க போதைப் பொருளுக்குத் தூக்கு உண்டு. "பக்கத்து ஊருப் பையனுக்கு இந்தப் பொட்டலத்தைக் குடுத்துடுங்க"ன்னு ஏர்போர்ட் வாசல்ல எவனாச்சும் பாசமா வந்தா, நீ செவிடன். இந்த ஒண்ணை மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

அடுத்தது தண்ணிக் கணக்கு. வெளிநாட்டு விமானத்துல கைப்பையில 100 மில்லிக்கு மேல நீர்ச் சரக்கு கூடாது. அந்த நூறு டப்பாவோட அளவு, உள்ள இருக்கிறதோட அளவு இல்ல. அக்கா 200 மில்லி தேங்காயெண்ணெய் பாட்டில்ல அடியில ஒரு விரக்கடை எண்ணெயை வச்சுக்கிட்டு, "இதுல அம்பது கூட இருக்காதேடா தம்பி"ன்னு காவலர்கிட்டக் கெஞ்சும். அந்தத் தம்பிக்கு அதுவும் 200 தான். புளிக்காய்ச்சல், ஊறுகாய், பற்பசை எல்லாமே அவங்க கணக்குல தண்ணிதான். கரண்டி நிக்கிற அளவுக்குக் கெட்டியாக் காய்ச்சினாலும் தண்ணிதான். பேசாம பெரிய பெட்டியில போட்டு லக்கேஜோட அனுப்பிடு. ஆனா பவர் பேங்க்கை அந்தப் பெட்டியில போட்டுடாதே. அது கையிலதான் வரணும். உள்ள இருக்கிற லித்தியம் சூடேறித் தீப்பிடிச்சா, ஆளு உக்காந்திருக்கிற இடத்துல அணைக்கலாம். பெட்டி அடுக்கின வயித்துக்குள்ள யாரு போய் அணைக்கிறது? 2025 ஜனவரியில தென்கொரியாவுல புறப்படத் தயாரா நின்ன விமானம் ஒண்ணு எரிஞ்சு கூரை போச்சு. பவர் பேங்க் மேலதான் சந்தேகம். நல்லவேளை, உள்ள இருந்தவங்க எல்லாரும் பிழைச்சாங்க.

இந்த விதியெல்லாம் எவனோ ஏசி ரூம்ல உக்காந்து நம்மளைப் படுத்துறதுக்காக எழுதினதுன்னு நீ நினைக்கிற. மூஞ்சியிலயே தெரியுது. 1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம். கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டி ஏர்போர்ட்டுலயே வெடிச்சு 30 பேருக்கு மேல செத்தாங்க. அடுத்த வருசம் ஜூன்ல ஏர் இந்தியாவோட கனிஷ்கா, அயர்லாந்துக் கரைக்குப் பக்கத்துல, கடலுக்கு மேல 329 பேரோட போச்சு. வான்கூவர்ல பெட்டியை ஏத்தினவன் தான் ஏறவே இல்ல. பெட்டி ஏறிடுச்சு, ஆள் வரலைன்னா பெட்டியை இறக்கிட்டுத்தான் கிளம்புறதுன்னு இன்னிக்கு விமானத்தை நிறுத்தி வைக்கிறாங்க பாரு, அப்ப நீ வாட்ச்சைப் பாத்து 'உச்' கொட்டுற. அந்தச் சுணக்கத்துக்குக் காரணம் இதுதான். 1999ல காத்மாண்டுலேர்ந்து வந்த விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்தினாங்க, அதுக்கப்புறம் 2000லேர்ந்து ஏர்போர்ட் காவல் ஒவ்வொண்ணா மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை கைக்கு வந்துச்சு. தண்ணி பாட்டில் கதை 2006ல லண்டன்ல வந்தது. குளிர்பான பாட்டில்ல திரவ வெடியை ஒளிச்சு விமானங்களைத் தகர்க்கப் போட்ட திட்டம் பிடிபட்டுச்சு. 2001ல ஒருத்தன் பூட்ஸுல வெடிவச்சு ஏறினான். அவன் புண்ணியத்துல அமெரிக்காக்காரன் கிட்டத்தட்ட இருபது வருசம் செருப்பைக் கழட்டிக்கிட்டு நின்னான், 2025 ஜூலையிலதான் விட்டாங்க. நாம கோயிலுக்குக் கழட்டிப் பழகினவங்க, நமக்கு அது பெரிய விசயமில்ல.

விதி வளையாதுன்னும் நினைக்காதே. கைப்பையில தேங்காய் கூடாதுன்னுதான் இங்க சட்டம். ஆனா 2024ல சபரிமலை சீசனுக்கு மட்டும், இருமுடித் தேங்காயைக் கையோட கொண்டுபோகலாம்னு விட்டுக் குடுத்தாங்க. எக்ஸ்ரே பாத்து, தடவிப் பாத்து, அப்புறம்தான். நீ மாலை போடாம தேங்காய் கொண்டுபோனா, ஐயப்பன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாதே.

வாயைப் பத்தி ஒரு வார்த்தை. உனக்கு எங்க போனாலும் நக்கல் வரும், அது எங்க வம்சத்து ரத்தம். "பையில என்ன?"ன்னு கேட்டா "பாம்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லணும்னு நாக்கு அரிக்கும். அரிச்சா கடிச்சுக்க. 2024 அக்டோபர்ல விமானங்களுக்கு நூத்துக்கணக்குல புரளி மிரட்டல் வந்து, எங்கெங்கேயோ இறக்கி, ஏத்தி, நாடே அல்லாடுச்சு. அந்தக் காவலருக்கு நம்ம பேச்சு முழுசாப் புரியாது, அந்த ஒரு வார்த்தை மட்டும் எந்த பாஷையில சொன்னாலும் புரியும். விமானம் கிளம்பிப் போயிடும், நீ ஏர்போர்ட் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துக்கிட்டு இருப்பே. வயலுக்கு உரம் போட்ட கையோடவும் போகாதே. சில சமயம் துணித்துண்டால கையையும் பையையும் துடைச்சு எந்திரத்துல விடுவாங்க. நைட்ரேட் உரம், சில நெஞ்சுவலி மாத்திரை, இதுக்கெல்லாம்கூட அது கூவிடும். ஏற்கெனவே பதறிப் போயிருக்கிற மச்சானுக்கு அது வேறயா?

திரும்பி வரையில சாங்கியில ஒரு கூத்து இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு டெர்மினல்ல சோதனை நடுவுல கிடையாது, விமானம் ஏறுற கேட் வாசல்லயே வச்சிருக்கான். இமிக்ரேசன் தாண்டியாச்சு, இனி நம்மளைக் கேக்க ஆளில்லைன்னு நீ காசு குடுத்துப் பெரிய தண்ணி பாட்டில் வாங்குவே. கேட்டுக்கிட்டப் போனதும் கொட்டச் சொல்லுவான். கஞ்சன் நீ, கொட்ட மனசு வராது, அங்கேயே நின்னு முழுங்குவே. அப்புறம் நாலு மணி நேரம் நடு சீட்டுல உக்காந்து நெளிவே. நாலாம் டெர்மினல்ல மட்டும் நடுவுலயே முடிச்சிடுவான்.

சரி, பூங்காவுக்கு வா. அங்கேயும் வாசல்ல பையைத் திறக்கச் சொல்லுவான். கத்தி கிடக்கான்னு பாப்பான், நியாயம். ஆனா அக்கா விடிகாலையில எழுந்து கிண்டின எலுமிச்சஞ்சோத்துப் பொட்டலமும் அவன் கண்ணுக்குத் தப்பாது. வெளிச்சாப்பாடு கூடாது, உள்ள கடையிலதான் வாங்கணும். எலுமிச்சஞ்சோத்தால எந்த ராட்டினம் கவுந்துச்சுன்னு அக்கா கேக்கும். பதில் வராது. நம்மூர்ப் பூங்காவும் இதுல குறைஞ்சதில்ல. தண்ணி விளையாட்டுப் பூங்காவுல மட்டும், பருத்தித் துணி கூடாது, நைலான் உடுப்பு போடுன்னு அவன் விரட்டுறதுல அர்த்தம் உண்டு. நூல் பிரிஞ்சு வடிகட்டியில அடைக்கும், முந்தானை சறுக்குல மாட்டும். வாடகைக்கு அந்த உடுப்பை அவனே வச்சிருக்கிறதுலயும் அர்த்தம் உண்டு.

இங்கதான் மாப்ள நீ சூதானமா இருக்கணும். ஏர்போர்ட்டுல ஆபத்து பயணிகிட்ட இருந்து வரும்னு பயம், அதனால நம்மளைச் சோதிக்கிறாங்க, நின்னு குடுத்துடணும். ராட்டினத்துல ஆபத்து எந்திரத்துல இருந்து வரும். அதை யாரு சோதிச்சாங்க? 2016ல சென்னைக்குப் பக்கத்துலயே ஒரு பூங்காவுல ராட்டினத்தை ஓட்டிப் பாக்கையிலயே சரிஞ்சு, வேலை பாத்த பையன் ஒருத்தன் செத்தான். வாசல்ல நம்ம சோத்துப் பையைப் பிரிச்ச மாதிரி அதோட நட்டு போல்ட்டைப் பிரிச்சுப் பாத்திருந்தா அவன் வீட்டுக்குப் போயிருப்பான். நீ போற யுனிவர்சல்ல பேட்டில்ஸ்டார் கேலக்டிகான்னு இரட்டை ரோலர் கோஸ்டர் ஒண்ணு இருக்கு. 2010 மார்ச்சுல ஓட ஆரம்பிச்ச ஒரு வாரத்துலயே நிறுத்திட்டாங்க, அடுத்த வருசம்தான் மறுபடி ஓட்டினாங்க. 2013 ஜூலையில திரும்ப மூடி, 2015 மே வரைக்கும் பூட்டித்தான் வச்சிருந்தாங்க. ஜனங்க முணுமுணுத்திருப்பாங்க. எனக்கு அதனாலதான் அவன் மேல கொஞ்சம் நம்பிக்கை.

அதுல ஏற உயரம் 125 சென்டிமீட்டர் வேணும். பேரனுக்குக் கொஞ்சம் குறையும்னு நீ அவன் ஷூவுக்குள்ள பேப்பரை மடிச்சு வைக்கிற ஆளு. வைக்காதே. அது தைரியத்தை அளக்கிற கோல் இல்ல. மடியில இறங்குற அந்தக் கம்பி எவ்வளவு உடம்பு இருந்தாத்தான் புடிக்கும்னு கணக்குப் போட்டு வச்ச கோல். போனையும் சில்லறையையும் லாக்கர்ல வைக்கச் சொன்னா வச்சிடு, அந்த வேகத்துல உன் போன் விழுந்தா கீழ நிக்கிறவன் மண்டை என்னாகும்? கம்பி இறங்கினதும் வேலைக்காரப் பையன் ஒவ்வொண்ணையா இழுத்துப் பாக்கிறானான்னு பாரு. பேச்சுச் சுவாரசியத்துல உன் வரிசையை மட்டும் விட்டுட்டானா, வெக்கப்படாம கையைத் தூக்கிக் கூப்பிடு. ஏர்போர்ட்டுல காட்ட முடியாத உன் அதிகாரத்தை அங்க காட்டு.

அப்புறம், எனக்குன்னு ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம். போன தடவை வந்தவன் சாக்லேட்டுக் குடுத்தான், இருக்கிற நாலு பல்லுக்கு அது எதுக்கு? கோடாலித் தைலம் மட்டும் ஒரு பாட்டில். "திரவம் மாமா, செக்யூரிட்டியில பிடுங்கிட்டான்"னு வந்து கதை விடாதே. இருக்கிறதுலயே பெரிய பாட்டில் 56 மில்லிதான்.