ஜாலவித்தையை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகனின் பிறந்த நாளுக்கு ஜாலவித்தைப் பெட்டி ஒன்று வாங்கினேன். மேலட்டையில் நூறு வித்தைகள் என்று போட்டிருக்கிறது. உள்ளே இருந்த குறிப்புத்தாளை நானும் அவனும் மாறிமாறிப் படித்தும் ஒன்றுகூட வரவில்லை. குற்றம் பையனிடமா, பெட்டியிடமா?

பதில்: பையனைக் கோபிக்காதீர்கள். அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தால், நாணயத்தை ஒருவரும் அறியாதபடி வலக்கையில் மறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் கட்டாயம் அகப்படும். ஒருவரும் அறியாதபடி என்ற அந்த இடத்தில்தான் பாடமே ஆரம்பமாக வேண்டும். நாணயம் உள்ளங்கையின் எந்தச் சதைமேட்டில் தங்குவது, அப்போது விரல்கள் எவ்வளவு தளர்ந்திருப்பது, வித்தைக்காரனுடைய பார்வை எந்தக் கையைத் தொடர்ந்து செல்வது என்பனவற்றையெல்லாம் விவரித்து, மாதக்கணக்கான அப்பியாசத்துக்கு வழிகாட்ட வேண்டிய ஆசிரியர், இரண்டே சொற்களில் அதைத் தாண்டிப் போய்விட்டார். நூறு என்ற கணக்கும் ஒரே பந்தையும் ஒரே கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்து எண்ணிய கணக்காகவே பெரும்பாலும் இருக்கும். சிறுவனுக்கு நூறு வேண்டாம்; ஒன்று போதும், அதை முழுமையாகச் சொல்லித் தர வேண்டும். ஜப்பானில் 1931-இல் தோன்றிய டென்யோ நிறுவனத்தார் தயாரிக்கும் சிறு உபகரணங்களில், சிரமமான காரியத்தை யந்திர அமைப்பே செய்துவிடுகிறபடியால், குழந்தையின் கவனம் பேச்சிலும் பாவனையிலும் செல்ல இடமுண்டு. அத்தகைய பொருள் ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் கண்ட அற்புதம் வேறு, பணம் கட்டிய பின் வந்த வீடியோவில் உள்ளது வேறு. இந்த வியாபாரத்தில் மட்டும் ஏன் இப்படி?

பதில்: மாம்பழம் வாங்குகிறவன் முகர்ந்து பார்த்து வாங்கலாம், ரகசியம் வாங்குகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வாங்குமுன் காட்டிவிட்டால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது; வாங்கிய பின் திருப்பிக் கொடுப்பதற்கும் வழியில்லை, ஏனெனில் அறிந்ததை அறியாமலாக்கிக்கொள்ள மனத்தால் இயலாது. ஆகவே சரக்கின் தரம் முழுவதும் விற்கிறவருடைய நாணயத்தையே நம்பி நிற்கிறது. அந்த நிலையில் உள்ளவர், படத்தை நடுவில் வெட்டி ஒட்டுவதும், காமிராவை ஒரே கோணத்தில் நிறுத்திவைப்பதும், வித்தையைக் காட்டாமல் பார்த்தவர்கள் வாய்பிளப்பதை மட்டும் காட்டுவதும் என் அபிப்பிராயத்தில் சாமான்யமான குற்றமல்ல. அது நம்பிக்கைத் துரோகம். நேர்மையான விற்பனையாளர் என்ன செய்வார் என்றால், முன்பின் அறியாதவர்கள் முன்னிலையில் வித்தையை ஆரம்பமுதல் முடிவுவரை வெட்டாமல் ஒருமுறை காட்டுவார். எதிரே மட்டும் ஆட்கள் இருக்கலாமா, பக்கத்திலும் பின்னாலும் இருக்கலாமா என்பதைச் சொல்வார். மேஜை வேண்டுமா, கோட்டு வேண்டுமா, ஒருதரம் செய்த பின் மறுதரம் செய்ய எவ்வளவு அவகாசம் பிடிக்கும் என்பனவற்றையும் மறைக்கமாட்டார். இவற்றில் எதைச் சொன்னாலும் ரகசியம் வெளிப்படுவதில்லை. சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: எல்லா ரகசியங்களும் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றனவே! இனி இந்தக் கலை பிழைக்குமா?

பதில்: நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொட்டித்தான் கிடக்கின்றன. இங்கிலாந்தில் ரெஜினால்டு ஸ்காட் என்பவர், சூனியக்காரிகள் என்று பழிசுமத்தி அபலைகளைக் கொல்லும் கொடுமையைக் கண்டிப்பதற்காக 1584-இல் வெளியிட்ட கிரந்தத்தில், கிண்ணமும் பந்தும், நாணயம், சீட்டு, வெட்டுண்ட தலை முதலியவற்றின் மர்மங்களை, பிசாசுக்கு இவற்றில் பங்கில்லை என்று நிரூபிக்கும் பொருட்டு, படங்களோடு விளக்கிவிட்டார். அதற்குப் பிறகும் கிண்ணத்தின் கீழிருந்து பந்து மறையும்போது ஜனங்கள் திகைக்காமல் இருந்ததில்லை.

அந்த நூலில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. வயிற்றில் ஊசியைக் குத்திக்கொள்ளும் வித்தைக்கு, மேனியோடு ஒட்டிய ஒரு தகட்டையும், அதன்மேல் உதிரம் நிரப்பிய பையையும், அவற்றை மறைக்கும் பொய்வயிற்றையும் எப்படி அமைப்பது என்று சொல்லிவந்த ஸ்காட், லண்டன் சீப்ஸைடில் ஒரு மதுக்கடையில் இதைச் செய்துகாட்டிய ஒருவன், குடிமயக்கத்தில் தகட்டை அணிய மறந்து குத்திக்கொண்டு மாண்டுபோனதையும் சேர்த்தே சொல்கிறார். வித்தைக்காரர் அல்லாத அவருக்கு, எந்த இடத்தில் தவறும், தவறினால் என்ன நேரும் என்பதைப் போதிக்கத் தோன்றியிருக்கிறது. இன்று பளபளப்பான உறையில் வரும் எத்தனையோ பாடங்களில் அது மட்டும் இல்லை. பார்வையாளர் சீட்டைத் திருப்பிப் பார்க்க முனைந்தால் என்ன செய்வது, நாணயம் கைதவறி விழுந்தால் எப்படிச் சமாளிப்பது என்ற அத்தியாயம் இல்லாத போதனையை நான் அரைப்போதனை என்றே கருதுவேன்.

கேள்வி: புத்தகமா, வீடியோவா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: கைவேகத்தையும் தாளத்தையும் அறிய வீடியோ, மற்ற அனைத்துக்கும் புத்தகம்.

கேள்வி: முந்தைய பதிலில் எனக்குச் சம்மதமில்லை. கண்ணால் பார்ப்பதைவிட எழுத்து எப்படி மேலாகும்?

பதில்: எழுத்தைப் படிக்கிறவன் அந்த அசைவைத் தன் கையிலும், அந்தச் சம்பாஷணையைத் தன் நாவிலும் தானே படைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, வீடியோவைப் பார்க்கிறவனோ போதகருடைய சிரிப்பையும் செருமலையும்கூட நகல் எடுத்துக்கொள்கிறான். ஆனால் எந்த எழுத்தும் போதும் என்று நான் சொல்லவில்லை. பிரான்சில் கடிகாரத் தொழில் பயின்றுகொண்டிருந்த ராபர்ட்-ஹூடன், அத்தொழிலைப் பற்றிய நூலை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்த ஜாலவித்தை நூலால் இந்தக் கலைக்குள் இழுக்கப்பட்டதாகத் தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். அந்த நூல் அவருக்கு ஆசையைக் கொடுத்தது, கையைக் கொடுக்கவில்லை. கைக்காக அவர் பந்தாட்டம் பயின்று, நான்கு பந்துகளை வீசிப் பிடித்துக்கொண்டே புத்தகம் வாசிக்கும் தேர்ச்சியை அடைந்தார். பின்னாளில், 1868-இல், அவரே எழுதிய நூலில் கைப்பழக்கத்தின் மூலதத்துவங்களுக்கு நிரம்ப இடம் ஒதுக்கினார்.

தபால் மூலம்கூட இதைச் சிறப்பாகக் கற்பிக்க முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹார்லன் டார்பெல், சிகாகோவிலிருந்து 1926 முதல் அனுப்பிவந்த பாடங்களுக்குத் தாமே சித்திரம் வரைந்தார். வித்தையோடு கூட, அதைச் செய்கையில் பேச வேண்டிய பேச்சையும் எழுதிக் கொடுத்தார். கற்பிக்கிறவனே சித்திரக்காரனாகவும் இருந்ததால், எந்த விரலை வரைய வேண்டும், எந்த விரலை விட்டுவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: ஒரே ஒரு சீட்டு வித்தை நூல் வாங்குவதானால் எதை வாங்கலாம்? எர்ட்னேஸ் எழுதியதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள்.

பதில்: புகழ் தகும். 1902-இல் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில், இன்றுவரை ஐயமறத் துலங்காத ஒருவர் வெளியிட்ட அந்நூல், சூதாட்ட மேஜையின் சூழ்ச்சிகளை அசாத்தியமான நுட்பத்துடன் விவரிப்பது. ஆயினும் அது தேர்ந்தவர்களுக்கு உரியது. ஆரம்பிக்கிறவருக்கு, ஜீன் ஹியூகார்டும் பிரெடரிக் பிரௌவும் 1948-இல் எழுதிய 'தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்' என்ற நூலையே நான் சிபாரிசு செய்வேன். அது சீட்டைக் கலைப்பதில் தொடங்குகிறது. ஒரு கைப்பழக்கத்தைக் கற்பித்தவுடன், அதையும் முன்பு கற்றவற்றையும் கொண்டே செய்யக்கூடிய வித்தைகளைத் தருகிறது. கல்லாததை எந்த இடத்திலும் கேட்பதில்லை. இந்த ஒழுங்கு ஒன்றுக்காகவே விலை கொடுக்கலாம்.

கேள்வி: அதிக விலை கொடுத்து வாங்கிய குறுந்தகடு ஒன்று எனக்குப் பிரயோஜனப்படவில்லை. நண்பருக்கு விற்றுவிடலாமா?

பதில்: பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாமல் விற்பதானால் தாராளமாக விற்கலாம். ஆனால் உங்கள் கைக்கு ஒத்துவராததனால் விற்கிறீர்களா, பாடமே சரியில்லாததனால் விற்கிறீர்களா என்பதைப் பணம் வாங்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள். பாடம் சரியில்லை என்றால் அதில் விடுபட்டது எது என்பதையும் சொல்லுங்கள். அந்தக் குறையைத் தயாரித்தவருக்கும் ஒரு கடிதமாக எழுதுங்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்பதற்கு அவருக்கு இடமிருக்கிறது.