சிறுநீரகத்தின் மேல் வைத்த நம்பிக்கை

மனித உடலின் மேல் நம் காண்டிராக்டர்களும் அதிகாரிகளும் வைத்திருக்கும் நம்பிக்கையை உடலியல் பேராசிரியர்களிடம்கூடக் காண முடியாது. வெளியே என்ன நடந்தாலும் உடல் தன் உள்நிலையைத் தானே காத்துக்கொள்ளும் என்பதை விளக்க அமெரிக்காவின் வால்டர் கேனன் 1932-இல் ஒரு புத்தகமே எழுதினார். பாவம், படித்த மனிதர், எழுதித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. நம்மவர்கள் ஆட்களைச் சித்திரை வெயிலில் நிறுத்தியே நிரூபித்துவிடுகிறார்கள்.

அதற்குத் திருத்தணி வட்டாரம் வாய்த்த இடம். கத்திரி வெயில் வந்துவிட்டால் மாலைச் செய்தியில் வேலூரோடு போட்டி போடும் பெயர் இது. சென்னையைப் பிற்பகலிலேயே தணிக்கும் கடற்காற்று, சோளிங்கர் சாலையில் இருக்கும் கே.ஜி.கண்டிகைக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை வறண்ட மேல்காற்றுதான். அந்த நேரத்தில் ஏரிக்கரையில் மண் சுமக்கும் பெண்ணைப் பாருங்கள். வெளியே 42 டிகிரி, உள்ளே 37. மூளையின் அடியில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைபோதலாமஸ் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது, இதயத்தை வேகப்படுத்துகிறது, வியர்வையைத் திறந்துவிடுகிறது. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். அந்த ஒரு லிட்டர் முழுக்க ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு போகும். மின்கட்டணம் கிடையாது, பராமரிப்பு ஒப்பந்தம் கிடையாது. இதை வைத்துக்கொண்டு நிழலுக்குக் கீற்று வாங்குவது ஊதாரித்தனம் இல்லாமல் வேறென்ன?

சிறுநீரகத்தின் ஒத்துழைப்பு அதற்கும் மேலே. குடிக்கத் தண்ணீர் வராது என்றானதும் மூளை வாசோப்ரெசினைச் சுரந்து, உள்ளதை விடாதே என்று உத்தரவு போடுகிறது. சிறுநீர் சுண்டி அடர்மஞ்சளாகிறது. ஏற்கெனவே கழிப்பறை கட்டாத நிர்வாகத்துக்கு இதைவிட அனுசரணையான உறுப்பு கிடைக்குமா? பெண்கள் இன்னும் ஒரு படி முன்னே போய், ஒதுங்க மறைவில்லை என்று வீட்டிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் "உடம்பு சூடு" என்று சொல்லி வெந்தயத்தை விழுங்குகிறார்கள். யார்மீதும் புகார் இல்லை.

2005-இல் நூறு நாள் வேலைச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்த நம்பிக்கை போதவில்லை. வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி எல்லாம் வேண்டும் என்று அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சட்டத்தின் அந்த அவநம்பிக்கையைப் பெருந்தன்மையோடு மன்னித்து, பெட்டியை அலுவலகத்திலேயே பத்திரமாக வைத்திருப்பவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கட்சிக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. ஏப்ரலில் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். தர்பூசணி, வெள்ளரி, மாலை, போட்டோ. மே மாதம் வெயில் ஏறும்போது பானை காய்ந்திருக்கும், பேனர் மட்டும் இருக்கும். உடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்போது அதன் சுயமரியாதையில் தலையிடுவானேன் என்ற நாகரிகம்தான்.

குறை காண்பவர்கள் போரூரில் இருக்கிறார்கள். ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் உப்பளங்களுக்குப் போய்த் தொழிலாளர்களின் சிறுநீரகத் திறன் குறைவதைக் கண்டார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்கு என்றார்கள். உடலின் சமாளிப்புக்கும் ஒரு எல்லை உண்டு என்பது அவர்கள் வாதம். நம் மேஸ்திரிகள் இதற்கெல்லாம் அசைவதில்லை. உள்வெப்பம் 40-ஐத் தாண்டினால் மூளை குழம்பும், ஆள் உளறுவார், தள்ளாடி விழுவார். மருத்துவர் வெப்ப வாதம் என்று சொல்ல தெர்மாமீட்டர் தேடுவார். மேஸ்திரிக்கு ஒரு பார்வை போதும்: "காலையிலேயே குடிச்சிட்டு வந்திருக்கான்."

அரசின் தாராளமும் சொல்லத்தக்கது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொல்லியாயிற்று. உயிரோடு சுமக்கும்வரை கொடுக்க முடியாத குடமும் கூரையும் ஒரே தவணையில் ரொக்கமாக வந்துவிடும். வெயிலால்தான் செத்தார் என்று ஒருவர் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்த 4 லட்சமும் கஜானாவிலேயே இருக்கும். தன் உள்நிலையைக் காத்துக்கொள்வதில் அதுவும் உடலுக்குச் சளைத்ததில்லை.