நூறு பவுண்டுக்கு மேலே

மணப்பாட்டில் அந்தக் காலத்தில் லாரி டயரின் காற்றைக் காதால்தான் அளந்தார்கள். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றி லாரி ஓட்டிய என் பெரியப்பா, புறப்படுவதற்கு முன் லிவர் கம்பியால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். கம்பி ‘டங்’கென்று எகிறினால் சரி. ‘தொப்’பென்று விழுந்தால் காற்று குறைவு. பின்பக்கம் ஜோடி டயர் என்பதால் கம்பியைச் சரித்து உள்ளே விட்டு உள் டயரையும் தட்டுவார். அதை ஒருநாளும் அவர் விட்டதில்லை.

எங்கள் கடற்கரையில் காதை நம்புவது பழைய வழக்கம். முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தோடு கடலடிப் பார்களில் இறங்கியபோது ஆழத்தைக் காதில் ஏறும் வலியே சொன்னது. பத்துப் பாக ஆழத்தில் கடல் உடம்பை ஏறத்தாழ 27 பவுண்டு கூடுதலாக அழுத்தும், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு. பைக் டயரில் அடிக்கிற காற்றும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பாரம் ஏற்றும் லாரியின் டயருக்கோ 100 பவுண்டுக்கு மேல் வேண்டும். மனிதக் காது பழகிய எல்லையைப் போல நான்கு மடங்கு அது.

இப்போது என் தங்கை மகன் வ.உ.சி. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். அவனும் கம்பியால் தட்டத்தான் பழகியிருந்தான். அடியோடு காற்று இறங்கிய டயரைக் கம்பி காட்டிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் 110 இருக்க வேண்டிய இடத்தில் 80 இருந்தால் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாலும் தெரியாது. பழைய நைலான் டயரில் பக்கம் பிதுங்கினால் காற்று குறைவென்று சொல்லிவிடலாம். ரேடியல் டயரோ சரியான காற்றிலேயே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். ஜோடியில் ஒன்று இளைத்தால் மற்றதன் மேல் பாரம் கூடும். இளைத்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் அது வெடிக்கும்போது பக்கத்தில் பைக்கில் போகிறவனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

அதனால் அவனுக்குக் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கத் தூத்துக்குடிக்குப் போனோம்.

“மாமா, இதுல முந்நூறு வரைக்கும் இருக்கு. இதையே எடுத்துருவோம்” என்றான்.

“வேண்டாம் மருமவனே. உனக்கு வேண்டியது 110. அது முள் ஓட்டத்தின் நடுப்பக்கம் விழணும். 160, மிஞ்சிப்போனா 200 போதும்.”

காரணம் இருக்கிறது. பெரும்பாலான கேஜ்களில் பிழையை முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 3 சதவீதப் பிழை என்றால் 300 பவுண்டு கேஜ் எந்த இடத்திலும் 9 பவுண்டு வரை தவறலாம். 160 பவுண்டு கேஜில் அது 5 பவுண்டுக்குள் அடங்கிவிடும். அதற்காகக் காருக்கான 60 பவுண்டு கேஜை லாரி டயரில் வைத்தால் உள்ளிருக்கும் குழாயே நெளிந்துவிடும். பிறகு அது காருக்கும் ஆகாது.

பேனா போல நீளமாக இருக்கிற கேஜ் விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும். ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் தண்டும் உரசி ஓடுகிற அமைப்பு அது. எங்கள் ஊர் மணலும் உப்புக் காற்றும் புகுந்தால் இறுகிக்கொண்டு, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். டிஜிட்டல் கேஜ் படிக்க எளிது. ஆனால் பேட்டரி முனையில் பச்சை பூத்துவிடுகிறது. நான் முள் கேஜையே தேர்ந்தேன். 1849இல் பிரெஞ்சுக்காரர் யூஜேன் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்புதான் அதற்குள் இருக்கிறது. வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும்; அந்த அசைவு முள்ளைத் திருப்பும். உரசித் தேய்கிற வாஷர் இல்லை என்பதே கடலோரத்துக்குப் பெரிய லாபம். பித்தளை இணைப்பு, ரப்பர் உறை, உள் டயரின் வால்வை எட்டுகிற நீளக் கழுத்து, முன்னும் பின்னும் வாய் உள்ள தலை. இவ்வளவும் பார்த்து வாங்கினோம். சும்மா இருக்கும்போது முள் சுழியத்தில் நிற்கிறதா என்பதையும் பார்த்தேன்.

அவனுக்கு நான் விடாமல் சொல்வது, விடியற்காலையில் வண்டி எடுக்கும் முன்பே அளக்க வேண்டும் என்பதுதான். ஓடிச் சூடான லாரி டயரில் அழுத்தம் 10 பவுண்டுக்கு மேலேயே ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறியபின் டயர் பட்டினி கிடக்கும். கீழே விழுந்த கேஜை இன்னொரு நல்ல கேஜோடு ஒரே டயரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மறுபடி நம்ப வேண்டும். முதலில் சலித்துக்கொண்டவன், இப்போது கம்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு உள் டயர்களிலிருந்தே அளக்கத் தொடங்குகிறான்.